பஞ்சர் ஆகாத வேன்

“வண்டி பஞ்சராமே?”

போன வாரம் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள்… ஒன்றும் கிடையாது. வண்டி பஞ்சராமே?

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னால் போதும். அதற்கு எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. ஏன் என்று சொல்வதற்கு, இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதாத ஒன்றை எழுதியாக வேண்டும்.

என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதியிருக்கிறேன். விருதுநகர் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறேன். எண்ணெய் புரோட்டாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, “வாயெல்லாம் ஊறுது” என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அந்தப் புரோட்டாவை நான் தொட்டே இரண்டு வருஷம் ஆகிறது என்பதை மட்டும் எழுதவில்லை.

எனக்குப் பெருங்குடலில் புண். அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்பது அதன் பெயர். ஒருநாள் காலையில் ரத்தம் போனது. மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்தோம். நிற்கவில்லை. மதுரையில் டெஸ்ட் எடுத்த டாக்டர் நல்ல மாதிரி. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: “சுகர், பிரஷர் மாதிரி இதுவும் கூடவே இருக்கும்மா. மாத்திரையால அடக்கி வைக்கலாம். அனுப்பி வைக்க முடியாது.”

அடங்கியிருக்கும் நாட்களில் நான் உங்களில் ஒருத்தி. அடங்காத நாட்களில்… எப்படிச் சொல்வது? வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் கழிப்பறையில் இருந்தாக வேண்டும். மூன்றாவது நிமிஷம் என்று ஒன்று கிடையாது. ஒரு நாளில் எத்தனை தடவை என்பதற்கும் கணக்குக் கிடையாது. பல வருஷமாகக் காலண்டர் தாளில் ராகு காலமும் எமகண்டமும் நேரம் போட்டு அச்சுக்கு அனுப்பியவள் நான். என் வயிற்றுக்கு மட்டும் நேரம் போட முடியவில்லை.

ஆம், நான் டிசைனர். பத்தி எழுதி யார் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது? பகலெல்லாம் கம்ப்யூட்டரில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடுவேன், சீசனில் காலண்டர் போடுவேன். பழைய கம்பெனியில் என் மேஜைக்குப் பின்னாலேயே கழிப்பறை. நான் அடிக்கடி எழுந்து போவது பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குக்கூடத் தெரியாது. வியாதியோடு ஒன்றரை வருஷம் அங்கே ஓட்டிவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் முதலாளியின் மகன் போனில் ஏஐ ஆப்பில் நாலு வரி டைப் பண்ணிக் காட்டினான். சரவெடிப் பெட்டிக்கு நான் ஒன்றரை நாள் உட்கார்ந்து போடுகிற மயில், அரை நிமிஷத்தில் தோகை விரித்து நின்றது. ஒரு கால் அதிகமாக இருந்தது. அதையும் அவன் சரிசெய்துவிட்டான். அந்த மாசத்தோடு டிசைன் செக்ஷனை மூடினார்கள். கோபப்பட எனக்கு யாரும் கிடைக்கவில்லை. முதலாளி கண் கலங்கித்தான் அனுப்பி வைத்தார்.

வேலை தேட ஆரம்பித்தேன்.

முதலில் போன இடத்தில் உண்மையைச் சொன்னேன். திருத்தங்கல் பக்கம் ஒரு பிரஸ். முதலாளி வயசானவர். என் வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், தலையாட்டினார். டீ வரவழைத்தார். “எப்ப இருந்து வாரீக?” என்றும் கேட்டுவிட்டார். அப்போது சொன்னேன். அண்ணாச்சி, எனக்கு இப்படி ஒரு உடம்பு, மாத்திரை சாப்பிடுகிறேன், வேலை கெடாது, ஆனால் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும்.

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “அடடா… சின்ன வயசு. உடம்பப் பாத்துக்கோங்கம்மா. அதுதான் முக்கியம். நல்லா ஆன பெறகு வாங்க. உங்களுக்கு இல்லாத வேலையா?”

நல்லா ஆன பிறகு! ஆகாது என்றுதானே அண்ணாச்சி இவ்வளவு நேரம் சொன்னேன்?

திட்டி அனுப்பியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இவ்வளவு அன்பாகக் கதவைச் சாத்துகிறவரிடம் என்ன பேசுவது? டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் வேலை பார்த்துக் காட்டுங்கள் என்றார்கள். போனேன். அங்கே கழிப்பறை பேப்பர் குடோனைத் தாண்டிப் பின்னால் இருந்தது. பூட்டியிருந்தது. சாவி மேனேஜர் மேஜையில். மெஷினில் நிற்கும் ஆண்கள் எல்லோரையும் தாண்டிப் போய்ச் சாவி கேட்க வேண்டும். அவர்களையெல்லாம் தாண்டித் திரும்பி வர வேண்டும். மதியத்துக்குள் பலமுறை கேட்டுவிட்டேன். கடைசியாகக் கேட்டபோது அவர் சாவியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்டார்: “என்னம்மா, வயிறு சரியில்லையா?”

யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் சிரித்தார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டு போனேன், திரும்பி வந்து மேஜையில் வைத்தேன், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“விட்டுரு. இருக்கிறத வச்சுப் பாத்துக்கிடுவோம்” என்றார் வீட்டுக்காரர். பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறவர். மாத்திரை விலை அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். மாத்திரைக்காக மட்டும் நான் வேலை தேடவில்லை என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

வீட்டில் இருந்த அந்த மாதங்களில் வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் என் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். மோர் குடி என்றார்கள். மாதுளம்பழத் தோலை அரைத்துக் குடி என்றார்கள். மாத்திரையில் முகம் ஊதியிருந்ததைப் பார்த்து, “நல்லாத்தான இருக்கீக” என்றார்கள். வேலைக்குப் போனால் நான் வியாதி உள்ள ஒரு டிசைனர். வீட்டில் இருந்தால் வெறும் வியாதி. இரண்டுக்கும் எவ்வளவு தூரம்!

அப்போதுதான் பாண்டியம்மாள் வந்தாள். அடுத்த தெருக்காரி. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியின் பைண்டிங் செக்ஷனில் வேலை. காலண்டர் தாள்களை அடுக்கி மேலே தகரம் வைத்து அடிக்கிற வேலை. என் வியாதி அவளுக்குத் தெரியாது. வேலை போனது மட்டும் தெரியும்.

“அக்கா, எங்க கம்பெனில டிசைனரம்மா பிரசவத்துக்குப் போயிட்டாக. ஆர்டர் கெடக்கு, ஆளு இல்ல. மேனேஜர்ட்ட உங்களச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெளம எங்க வேன்லயே வந்துருங்க.”

பஸ்ஸில் வந்துவிடுகிறேனே என்றேன்.

“எதுக்குப் பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கீக? வேன் வாசலுக்கே வருது.”

பஸ் என்றால் நினைத்த இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். வேன் எங்கேயும் நிற்காது. இதை அவளிடம் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். சரி என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை காலையில் காபி இல்லை, தண்ணீர்கூட இல்லை. மாத்திரை மட்டும். பையில் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் மாற்றுத்துணி. இந்த முறை எதுவும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேனில் எல்லாம் பெண்கள். டிபன் பாக்ஸ் மடியில், பாதிப் பேர் தூக்கத்தில். ஆமத்தூர் தாண்டியதும் ஆரம்பித்தது.

முதலில் லேசாக. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல. நெற்றியில் வேர்வை. வெளியே பார்த்தால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு கடை இல்லை, ஒரு வீடு இல்லை.

“அண்ணே, வண்டியக் கொஞ்சம் நிறுத்துங்க.”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “இங்கனயா? இங்கன என்ன இருக்கு? லேட்டானா எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் கட்டு தாயி.”

பாண்டியம்மாள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ.

“அண்ணே, நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!”

நின்றது. இறங்கி ஓடினேன். காலை நேரம், ரோட்டில் பைக்குகள் வரிசையாகப் போகின்றன. கருவேலம் மறைப்பு தரும் என்று தூரத்தில் இருந்து பார்க்கும்போதுதான் தோன்றும். பக்கத்தில் போனால் வெறும் முள்.

பின்னால் ஆட்கள் வரும் சத்தம். பாண்டியம்மாள், அவளோடு இன்னும் இரண்டு பேர். மூன்று பேரும் எனக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார்கள். முந்தானைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். யாரோ ஒருத்தி மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது சரியில்லையாம். சாம்பாரில் உப்பு இல்லையாம். எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக அந்தக் கல்யாணத்தைப் பேசினார்கள்.

அந்தச் சத்தம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது. முள்ளுக்குள் உட்கார்ந்து அழுதேன். வலி கொஞ்சம்தான் காரணம்.

டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அவர் ரோட்டின் அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வேனில் ஏறியதும் நானே சொன்னேன். குடலில் புண், இரண்டு வருஷமாக இருக்கிறது, போகாது என்று. டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை. முன் சீட்டில் இருந்த சீனியம்மாள், அந்த வேனிலேயே மூத்தவள், மெதுவாகத் திரும்பினாள்.

“தொத்துமா தாயி?”

“தொத்தாதுக்கா.”

“அப்பச் சரி.” திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். நான் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த விசாரணை அத்தோடு முடிந்துவிட்டது.

கம்பெனி கேட்டில் மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மாள் முந்திக்கொண்டாள்.

“வண்டி பஞ்சர்ணே.”

“எந்த டயரு?”

“முன் டயரு” என்றார் டிரைவர். “பின் டயரு” என்றாள் சீனியம்மாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும்” என்றாள் பாண்டியம்மாள்.

இப்படித்தான் முதலாளியின் அறைக்குள் போனேன். ஐம்பது வயசு இருக்கும். நெற்றியில் சந்தனம், மேஜை முழுக்க சாம்பிள் காலண்டர்கள். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “வண்டி பஞ்சராமே? ரெண்டு டயருமாமே?”

இப்போது சொல்லுங்கள், நான் என்ன பதில் சொல்வது?

ஆமாம் என்றால் நானும் பிழைத்தேன், அவர்களும் பிழைத்தார்கள். நாளைக்கும் அதே ரோடு. அதே வயிறு. தினமும் ஒரு டயரைப் பஞ்சராக்க முடியுமா? இல்லை என்றால் எனக்காகப் பொய் சொன்ன அத்தனை பேரையும் மாட்டிவிடுகிறேன். இதில் எது நியாயம்? அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியவில்லை.

“பஞ்சர் இல்ல அண்ணாச்சி. வண்டிய நிறுத்தச் சொன்னது நாந்தான். அவுக என்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாக. கட் பண்றதா இருந்தா என்ன அனுப்பிருங்க. அவுகளக் கட் பண்ணாதீக.”

அவர் நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “சுகருன்னா தெரியும். எனக்கே இருக்கு. இதென்ன வியாதியோ… வேலை நேரத்துல எந்திரிச்சு எந்திரிச்சுப் போனா ஆர்டரு எப்படிம்மா முடியும்?”

“டீ குடிக்க வெளிய போறவுகளுக்கு ஆகுற நேரந்தான் அண்ணாச்சி எனக்கும் ஆகும். நான் டீ குடிக்கிறதில்ல.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து என்னை டிசைன் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு ஜவுளிக்கடைக்கான மாதக் காலண்டர் கம்ப்யூட்டரில் பாதியில் நின்றிருந்தது. எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. “இத முடிங்க, பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடித்தேன். நடுவில் ஒருமுறை எழுந்து போனேன். மாடியில் ஆபீஸ் கழிப்பறை இருந்தது. சுத்தமாக, பூட்டில்லாமல்.

மத்தியானம் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “நாளைல இருந்து வாங்க. சீசன் முடியுற வரைக்கும். அதுக்குப் பெறகு பிரசவத்துக்குப் போன புள்ள வந்துரும். அப்ப என்னன்னு இப்பவே நான் சொல்ல முடியாது.”

நிரந்தரம் இல்லை. ஆனால் என்னைத் தெரிந்து, என் வியாதியையும் தெரிந்து ஒருவர் கொடுத்த வேலை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அறைக்குள் போய்ப் பேச முடிந்தது. கம்ப்யூட்டர் தெரியும், ஆர்டர் காத்திருந்தது, ஆள் இல்லை. அதனால் அவர் கேட்டார். இதே வியாதி கீழே பைண்டிங்கில் பாண்டியம்மாளுக்கு வந்திருந்தால்? அவளை யார் உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள்? கீழே அத்தனை பெண்களுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. மாடிப்படி ஏறும்போது அதைப் பார்த்தேன்.

சாயங்காலம் வேனில் பாண்டியம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நன்றி சொல்லப் போனேன்.

“எதுக்குக்கா சொன்னீக? பஞ்சர்னா பஞ்சர்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதான? இனிமே நெசமாவே பஞ்சர் ஆனாலும் நம்புவாகளா?”

நியாயமான கோபம். யாருக்கும் அரை நாள் சம்பளம் பிடிக்கவில்லையே என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “வேலை கெடச்சிருச்சுல்ல” என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை. வேன் ஆமத்தூரை நெருங்குவதற்கு முன்பே வேகம் குறைந்து, ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் திரும்பியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“மொதலாளி ராத்திரி போன் பண்ணாரு. டெய்லி இங்கன அஞ்சு நிமிஷம் நிறுத்தணுமாம். டிசைனரம்மாவுக்காக” என்றார் டிரைவர்.

எல்லோரும் என்னையே பார்ப்பார்களே என்று தலையைக் குனிந்துகொண்டேன். பையை எடுத்து, செருப்பைத் தேடிப் போட்டு, மெதுவாக இறங்கினேன்.

வேனில் ஒருத்தரும் இல்லை. அத்தனை பேரும் எனக்கு முன்னால் இறங்கிப் போய், கழிப்பறை வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். முதல் ஆள் சீனியம்மாள். வருஷக் கணக்காக இந்த ரோட்டில் போய் வருகிறவர்கள். ஒருநாளாவது இப்படி நிறுத்தச் சொன்னதில்லை. இவர்களிடம் யாரும் கேட்டதும் இல்லை.

“நாளைல இருந்து நான் காபி குடிச்சிட்டுக் கெளம்புவேம்ப்பா” என்றாள் பாண்டியம்மாள், யாரிடம் என்று இல்லாமல்.

அந்த வேனில் நோயாளி என்று பெயர் எனக்கு ஒருத்திக்குத்தான். வரிசையில் கிடைத்தது கடைசி இடம்.